‘குடும்பத்தோடு மருந்தைக் குடித்துவிடுவோம்’ என்று போனில் ஒருவர் சொன்னால்

கேள்வி கேட்ட தம்பி சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை பேசிய ஒருவருக்கு ஒரே மாதத்தில் தவணை இரண்டு முறை பிடிக்கப்பட்டிருந்தது. “நாளைக்குள் பணம் திரும்பி வராவிட்டால் குடும்பத்தோடு மருந்தைக் குடித்துவிடுவோம், உங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுத்தான் போவேன்” என்றாராம். தம்பி பதறிப்போய் டீம் லீடரைப் பார்க்க, அவர் “இதைத் தினமும் நாலு பேர் சொல்வார்கள், ஸ்கிரிப்டைப் படி” என்று கையை அசைத்துவிட்டார். ‘ஏழு வேலை நாட்களுக்குள்’ என்ற வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அவர் சொன்னது மிரட்டலா, நிஜமா? இனி இப்படி ஓர் அழைப்பு வந்தால் என்ன செய்வது? பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்? இவைதான் கேள்விகள்.

தம்பி, நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஆறு வருடம் காதில் ஹெட்செட்டோடு இருந்தேன். அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசியதைக் கேட்டு மதிப்பெண் போடும் வேலை, இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி. உங்கள் டீம் லீடர் சொன்ன கணக்கில் தப்பில்லை. தினமும் நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு.

நம் பேச்சில் சாவு சர்வசாதாரணம். “உயிரை வாங்குகிறார்கள்”, “செத்தாலும் இந்தக் கம்பெனிப் பக்கம் வரமாட்டேன்”, “நாண்டுகொண்டு சாக வேண்டியதுதான்” என்று ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கூடச் சொல்வார். ஆகவே கேட்டுக் கேட்டு நம் காது காய்த்துப்போகிறது. ஆனால் அதே சொற்களைத்தான் நிஜமாகவே சாக நினைப்பவரும் பயன்படுத்துகிறார். அவருக்கென்று தனியாக ஒரு தமிழ் கிடையாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் யாரிடமாவது “செத்துவிடுவேன்” என்று சொல்லி, “சும்மா சொல்கிறான்” என்று பதில் வாங்கியிருப்பார்களோ.

குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் 2017 டிசம்பர் 29 அன்று நவோமி முசெங்கா என்ற 22 வயதுப் பெண், தாங்க முடியாத வயிற்றுவலியோடு அவசர மருத்துவ எண்ணை அழைத்தார். “நான் சாகப் போகிறேன்” என்றார். இணைப்பில் இருந்த பெண் ஊழியர், “ஆமாம், எல்லோரையும் போல நீங்களும் ஒருநாள் நிச்சயம் சாவீர்கள்” என்று பதில் சொன்னார். வேறொரு மருத்துவச் சேவையை நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பியும் விட்டார். பல மணி நேரம் கழித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட நவோமி அன்றே இறந்தார். அடுத்த ஆண்டு ஒலிப்பதிவு வெளியானபோது நாடே கொதித்தது. 2024இல் அந்த ஊழியருக்கு நீதிமன்றம் 12 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. யோசித்துப் பாருங்கள், இது கடன் தவணைக்காரர் பேசும் எண் அல்ல. சாகக் கிடப்பவர் கூப்பிடுவதற்கென்றே வைத்த எண்.

அதற்கும் முன்னால் அமெரிக்காவின் டல்லஸில், 1984 ஜனவரியில் நடந்தது இன்னொன்று. மாற்றாந்தாய்க்கு மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தார். பதற்றத்தில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அழைப்பை எடுத்த செவிலியருக்குக் கோபம். திட்டாதீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், அந்த அம்மாவிடமே போனைக் கொடுங்கள் என்று பிடிவாதம். அவரால் பேச முடியவில்லை என்று மகன் சொல்லியும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் போனபோது அந்த அம்மா உயிரோடு இல்லை. சமூகவியல் ஆய்வாளர்கள் பின்னாளில் அந்த உரையாடலை வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூச்சுத் திணறலைப் பற்றிய பேச்சு, யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்ற சண்டையாக எந்த வரியில் மாறுகிறது என்று அதில் தெளிவாகத் தெரிகிறது. நம் மையங்களில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். “சார், நீங்கள் இப்படிப் பேசினால் அழைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும்” என்கிறோமே, அங்கே.

எனவே நாடகமா, நிஜமா என்ற தீர்ப்பு உங்கள் வேலையில் சேராது. கேட்பதுதான் உங்கள் வேலை. அதையும் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். “ஐயா, மருந்தைக் குடித்துவிடுவோம் என்றீர்கள். நிஜமாகவே சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. தற்கொலைத் தடுப்பில் வேலை செய்பவர்கள் பல்லாண்டுகளாக இதைத்தான் சொல்கிறார்கள், ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. மனதுக்குள் அதையே சுமந்துகொண்டிருப்பவருக்கு, ஒருவர் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்வதே ஆறுதல்.

கோபத்தில் சொன்னவருக்கும் இந்தக் கேள்வியால் நஷ்டம் இல்லை என்பதுதான் வேடிக்கை. நான் கேட்ட அழைப்புகளில் பாதிக்கு மேல், இந்த ஒரு கேள்வியோடு சுருதி இறங்கிவிட்டது. “அட, இல்லை அம்மா. வயிற்றெரிச்சலில் சொன்னேன். நாலு நாளாக அலைகிறேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை” என்பார்கள். சரி என்று புகாருக்கு வந்துவிடலாம். மிரட்டலாகச் சொன்னவரை அவமானப்படுத்தாமல் இறக்கிவிடவும் இதைவிட நல்ல ஏணி இல்லை.

“ஆமாம்” என்றால்? அல்லது பதிலே வராமல் போனால்? அப்போது கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுவிட்டீர்களா, கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா. ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். நம் தொழிலில் மூன்று நொடி அமைதி வந்தாலே மதிப்பெண் குறைப்பார்கள், ஆனால் இங்கே அமைதியும் பதில்தான். “குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்”, “இதெல்லாம் கோழைத்தனம்”, “இந்தச் சின்னத் தொகைக்கா?” ஆகிய மூன்றையும் சொல்லவே கூடாது. குழந்தைகளை அவர் நினைத்துப் பார்க்காமல் இல்லை. “நீங்கள் சொல்வது சட்டப்படி குற்றம்” என்றும் சிலர் படித்துக் காட்டுகிறார்கள். அது குரூரம், அதோடு பொய்யும்கூட. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வதற்கு மட்டும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதற்கும் உங்கள் தவணைக்காரருக்கும் சம்பந்தமில்லை.

சொல்லப்போனால் சட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியது நம் பக்கம்தான். தற்கொலைக்குத் தூண்டுவது அதே சன்ஹிதாவின் 108ஆவது பிரிவு, பத்தாண்டு வரை சிறை. ஆம்புலன்ஸ் எண்ணும் 108 என்பதால் பயிற்சி வகுப்பில் இதை யாரும் மறப்பதில்லை. வசூல் பிரிவில் இருப்பவர்கள் எரிச்சலில் “அப்படியென்றால் செத்துப் போங்கள்” என்று சொன்ன ஒலிப்பதிவை நானே கேட்டிருக்கிறேன். சொன்ன பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மாத இலக்கு என்பது அவன் தலைமேல் தொங்கும் கத்தி, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பதிவு அழியாது.

சத்தம் போடுபவரைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். சத்தமே போடாதவரிடம்தான் எனக்குப் பயம். 2012இல் ஒரு பெண்மணி பேசினார், சேலம் மாவட்டத்துப் பேச்சு. இருசக்கர வாகனக் கடனோடு சேர்ந்த காப்பீட்டைப் பற்றிக் கேட்டார். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்றார். இருக்கிறது, உங்கள் மகள் பெயர் என்றேன். அவள் மைனர் ஆயிற்றே, பணம் யார் கைக்குப் போகும் என்றார். காப்பாளர் கைக்கு என்றேன். “என் அம்மாவாக மாற்ற முடியுமா, இன்றைக்கே?” ஒரு குறையும் இல்லாத, மரியாதையான அழைப்பு. படிவம் அனுப்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘இன்றைக்கே’ என்ற சொல் எங்கேயோ இடறியது. “அம்மா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் உயிருக்கு ஏதாவது செய்துகொள்ள நினைக்கிறீர்களா?” என்றேன். பதில் இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தமும் எங்கோ குக்கர் விசில் அடிப்பதும் கேட்டன. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நிமிடம் பத்து நொடி. பிறகு அழுதார். நாற்பது நிமிடம் பேசினோம், நான் பேசியது அதில் ஐந்து நிமிடம்கூட இருக்காது. கடைசியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணியைக் கூப்பிடச் சம்மதித்தார். அண்ணி வந்து போனை வாங்கி, “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற பிறகே வைத்தேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று நமக்கு ஒருபோதும் தெரியாது, இந்தத் தொழிலின் சாபம் அது. அடுத்த மாதம் 5ஆம் தேதி கணினியில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன், அப்படிப் பார்ப்பது விதிமீறல்தான். தவணை கட்டப்பட்டிருந்தது.

அன்று என் சராசரி அழைப்பு நேரம் கெட்டுப்போய், ஊக்கத்தொகை போயிற்று. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நேர்மையாக இருந்தவள் ஆகமாட்டேன்.

ஒருவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதைக் காட்ட உங்கள் திரையிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது, பழைய புகார்களின் வரலாறு. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. இன்றைக்கும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று ஆட்சியர் அலுவலக வாசல்களில் மனு கொடுக்க வருபவர்களின் பைகளில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீசார் சோதிக்கிறார்கள். பையைச் சோதிப்பது சரிதான். ஆனால் அந்தப் பையில் இதற்கு முன் கொடுத்த மனுக்களின் எத்தனை ரசீதுகள் இருக்கின்றன என்றும் யாராவது எண்ணியிருந்தால் நன்றாக இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் அதற்கு முன் எத்தனை முறை கூப்பிட்டிருந்தார், பார்த்தீர்களா? ஐந்தாவது முறை கூப்பிடுபவர் சாவைப் பற்றிப் பேசினால், அது மிரட்டலாக இருந்தாலும் நாம் கற்றுக்கொடுத்த மிரட்டல்.

அதற்காக, சாவேன் என்றவருக்கெல்லாம் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. உயிர் தனி, புகார் தனி. “பணத்தைப் போட்டுவிடுகிறேன், சாகாதீர்கள்” என்று பேரம் பேசினால், நிஜமாகத் துடிப்பவருக்கு அது உதவாது, மற்றவருக்கு வழி காட்டிக் கொடுத்ததாகிவிடும். அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு புகாருக்கு வாருங்கள். பணிவாகக் கேட்டவருக்கு என்ன செய்திருப்பீர்களோ அதைச் செய்யுங்கள். இரண்டு முறை பிடித்த தவணையைத் திருப்பித் தருவது சலுகையே அல்ல, அவர் பணம்.

இனி ஆள் அனுப்புவது. இதில்தான் பெரும்பாலான மையங்கள் கோட்டை விடுகின்றன. கணினியில் இருக்கும் முகவரி, கணக்குத் தொடங்கியபோது கொடுத்த ஆதார் முகவரி. ஆள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், முகவரி இராமநாதபுரத்தில் இருக்கும். எனவே “இப்போது எந்த ஊரில், எந்தத் தெருவில், பக்கத்தில் என்ன கோயில், என்ன கடை” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 108இல் அவர்கள் கேட்பதும் மாவட்டம், வட்டம், அடையாளம் இவைதான். இரண்டாவது சிக்கல், சென்னையில் உட்கார்ந்துகொண்டு 108ஐ அழுத்தினால் தமிழ்நாட்டின் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். வாடிக்கையாளர் பாலக்காட்டில் இருந்தாலோ பாட்னாவில் இருந்தாலோ அது நேராகப் பயன்படாது. அங்கங்கே உள்ள மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைகளின் முழு எண்கள் ஒரு பட்டியலாக ஒவ்வொரு டீம் லீடர் மேசையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். வாடிக்கையாளரின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள், பக்கத்து இருக்கைக்காரர் வேறு போனில் பேசட்டும். ஒரு தாளில் ‘108, உடனே’ என்று எழுதித் தூக்கிக் காட்டினால் போதும்.

தகவலைப் பிறரிடம் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயமும் நியாயமானதுதான். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் ஒருவரின் தகவலைப் பயன்படுத்த இடம் தருகிறது. முகவரியை ஆம்புலன்ஸுக்குச் சொன்னதற்காக யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள். பாருங்கள், எதற்கெடுத்தாலும் சாவை இழுத்துப் பேசும் வழக்கம் எனக்கும் போகவில்லை.

உடனடி ஆபத்து இல்லை, ஆனால் மனது உடைந்திருக்கிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநலச் சேவை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் இதே வேலையைச் செய்துவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. எண்ணை வேகமாக ஒப்பிக்காமல், எழுதிக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள். இதே எண்களை உங்கள் கைபேசியிலும் பதிந்து வையுங்கள், உங்களுக்காகவும்தான்.

உடம்புக்கு முடியாமல் போகும் அழைப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். 2014, இரவு ஷிப்ட். வீட்டுத் தொலைக்காட்சி இணைப்புக்கான சேவை மையம். படம் வரவில்லை என்று ஒரு பெரியவர் திட்டிக்கொண்டிருந்தார். நாக்குக் குழறியது. எடுத்த பையன் இரண்டு முறை எச்சரித்துவிட்டு, மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு ‘குடிபோதை’ என்று குறித்துத் துண்டிக்கத் தயாராக இருந்தான். நான் தரம் பார்ப்பதற்காக அந்த இணைப்பில் காது கொடுத்திருந்தேன். எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்று. படம் வரவில்லை என்று அவர் கத்த, பின்னால் தொலைக்காட்சி செய்தி வாசித்துக்கொண்டிருந்தது, கணீரென்று.

நடுவில் புகுந்து, “ஐயா, உங்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டா?” என்றேன். “ஊசி போட்டேன்” என்றார். “சாப்பிட்டீர்களா?” என்றேன். “படம் வரவில்லை” என்றார். வீட்டில் வேறு யார் என்று நான்கு முறை கேட்ட பிறகு ஒரு பையன் குரல் வந்தது, பேரன். தாத்தாவுக்குச் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது என்றான். தம்ளரைத் தானாகப் பிடித்து விழுங்குவாரா என்று கேட்டு, பிடிக்கிறார் என்றதும், தண்ணீரில் நாலைந்து தேக்கரண்டிச் சர்க்கரை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னோம், 108ஐயும் அழைத்தோம். கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்து, “யாரம்மா நீ?” என்று கேட்டார். சர்க்கரை தாழ்ந்தால் ஆள் குடித்தவர் போலவே குழறுவார், கோபப்படுவார், சொன்னதையே சொல்வார். பக்கவாதமும் சில நேரம் இப்படித்தான் நாக்கைக் குழறச் செய்யும். அதற்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே குழறும் குரலுக்குக் ‘குடிபோதை’ என்று பெயர் வைக்கும் முன் வயதையும் சர்க்கரையையும் கேளுங்கள். நிஜமாகவே குடித்திருந்தால் என்ன குடி முழுகிப்போய்விடும்?

மற்றபடி நாம் மருத்துவர் இல்லை, வைத்தியம் சொல்லக்கூடாது. தவறான வைத்தியத்தைத் தடுக்கலாம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று சொல்லலாம். விஷம் குடித்தவருக்கு உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில விஷங்கள் முதல் ஒன்றிரண்டு நாள் எதையும் காட்டாது, ஆள் சாதாரணமாகவே பேசுவார். எனவே “குரல் நன்றாகத்தானே இருக்கிறது” என்பது ஒரு சாட்சியே அல்ல. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிச் சோடா வாங்கி வரக் கிளம்புபவரை 108 பக்கம் திருப்பிவிடுங்கள். ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் இரண்டே கேள்விகள்: கூப்பிட்டால் அசைகிறாரா, மூச்சு வழக்கம்போல் வருகிறதா. எப்போதாவது குறட்டை போல ஒரு இழுப்பு வருவது மூச்சே அல்ல. அந்த நிலையில் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 108 ஊழியரே போனில் சொல்லித்தருவார், அவரோடு இணைத்துவிடுவதுதான் உங்கள் அவசரம். மின்வாரியப் புகார் எண்களில் வேலை செய்யும் நண்பர்கள் இன்னொன்று சொல்வார்கள்: “கரண்ட் வராவிட்டால் அப்பா செத்துவிடுவார்” என்று கத்துபவர் வீட்டில் ஆக்சிஜன் கருவி ஓடிக்கொண்டிருக்கலாம். ஏன் என்று கேட்டால்தான் தெரியும்.

நம்மை மிரட்டுபவர்கள் கதை வேறு. மண்ணை வாரித் தூற்றுபவர், நுகர்வோர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்பவர், இவர்களை விட்டுவிடுங்கள். நீதிமன்றம் போவது அவர் உரிமை, சாபம் அவர் ஆற்றாமை. “உங்கள் கிளைக்கு வந்து கொளுத்துவேன்” என்று இடத்தையும் நேரத்தையும் சொன்னால் மட்டும், சொன்னபடியே எழுதி உடனே மேலே அனுப்புங்கள். அந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது தெரிய வேண்டும்.

எழுதுவது என்றதும் ஞாபகம் வருகிறது. குறிப்பில் ‘வாடிக்கையாளர் நாடகமாடினார்’, ‘உணர்ச்சிவசப்பட்டார்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள், நேரத்தோடு. அடுத்து எடுப்பவருக்கு உங்கள் அபிப்பிராயம் தேவையில்லை.

இப்போது உங்கள் செவ்வாய்க்கிழமைக்காரர். இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் மேலே உள்ளதைப் படிக்காமல் நீங்கள் செய்தால் தடுமாறுவீர்கள். இன்று ஷிப்ட் தொடங்குவதற்கு முன் டீம் லீடரிடம் போய், அந்த ஒலிப்பதிவு எண்ணைச் சொல்லி, திருப்பி அழைக்க அனுமதி கேளுங்கள். வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வந்ததற்குக் கையை அசைத்துப் பதில் சொல்ல முடியாது. அவர் மறுத்தால் அவருக்கு மேலே இருப்பவருக்கு அதே மின்னஞ்சலை அனுப்புங்கள். உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து கூப்பிடாதீர்கள். அந்த இரண்டாவது தவணை திரும்பிவிட்டதா என்று கணக்குப் பிரிவில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள். வேறு யாராவது எடுத்தால் கடன் விவரம் எதையும் சொல்லாமல், அவர் எப்படி இருக்கிறார், அவரோடு பேச முடியுமா என்று மட்டும் கேளுங்கள். அவரே எடுத்தால் இப்படித் தொடங்கலாம்: “ஐயா, செவ்வாய்க்கிழமை உங்களோடு பேசியவன் நான்தான். அன்று நீங்கள் சொன்னதைக் கேட்டும் நான் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் எப்படி இருக்கிறீர்கள்?”